மணப்பெண் முகத்தில் நான் போட்ட சவர்க்காரம்

அறுபதுகளின் தொடக்கத்தில், கண்டாவளையில் ஒரு கலியாண வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு பறங்கிப் பெண்மணியிடம் ஒன்பது மாதம் அழகுக்கலை படித்துவிட்டு, இரணைமடுப் பக்கம் எங்கள் குடியேற்றக் காணிக்குத் திரும்பி வந்திருந்தேன். தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. முகம் கழுவுவதற்கே ஒரு முறை உண்டு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. வயல் செய்யும் கமக்காரன் மகள் வீடு வீடாகப் போய் முகத்துக்குப் பவுடர் பூசுவதா என்று அவருக்குக் கூச்சம். கண்டாவளையிலிருந்து முதல் அழைப்பு வந்தபோது, “சரி, இந்த ஒரு கலியாணம் பாப்பம். ஏதும் கதை வந்துதெண்டால் பெட்டியைப் பூட்டிப்போட்டு வீட்டோடை இரு” என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். என் படிப்பு முழுக்க அந்த ஒரு காலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணப்பெண்ணுக்குத் தலையில் பால் அறுகு வைத்து, மஞ்சள் பூசி முழுக வார்த்து, அறைக்குள் கொண்டுவந்து விட்டார்கள். முகமெல்லாம் மஞ்சள் அப்பிக் கிடந்தது. ‘பூசுவதற்கு முன் முகத்தில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது’ என்பது கொழும்பில் படித்த முதல் பாடம். கதவைச் சாத்திவிட்டு, சவர்க்காரத்தோடு கொஞ்சம் அப்பச்சோடாவும் கரைத்துப் பஞ்சில் தோய்த்துத் துடைக்கத் தொடங்கினேன்.

துடைத்த கன்னம் சிவந்தது. அழுக்குத்தான் என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். இன்னும் சிவந்தது. நெற்றிக்கும் போனேன், அதுவும் செங்கல் நிறமானது. முகத்தை வேகவைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ, “மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒழுங்கை முகப்பிலை வந்திட்டினம்!” என்று கத்தினார்கள். இந்த முகத்தோடு அவள் மணவறைக்குப் போனால், பெண்ணுக்குத் தோல் வருத்தமாம் என்று ஊரே கதைக்கும். நான் அப்படியே குந்தியிருந்து அழத் தொடங்கிவிட்டேன்.

அவள் என் கண்ணாடியை வாங்கித் தன் முகத்தைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“அழாதேங்கோ அக்கா. மஞ்சள் பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கும் எல்லே? அதுதான் இது. புளி பட்டால் போயிடும்.”

எத்தனை சட்டை தோய்த்திருப்பேன் நான்! ஆலாத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவக்க வைத்ததும் இதே கைதான். கொழும்பில் எனக்கு முன்னால் வந்து இருந்த முகங்களில் மஞ்சள் இருந்ததில்லை. அதனால் புத்தியும் அங்கேயே தங்கிவிட்டது போலும்.

வெற்றிலைத் தட்டத்தில் ஒரு தேசிக்காய் இருந்தது. மங்கலத்துக்கு வைத்ததை வெட்டலாமா என்று நான் விழிக்க, அவள் என் கத்தரிக்கோலை எடுத்து அதைக் குத்திப் பிளந்தே விட்டாள். சாற்றைத் தடவத் தடவச் சிவப்பு இறங்கி மஞ்சளானது. எரிகிறதா என்று கேட்டேன். “வெயிலுக்கை நிண்டு களை பிடுங்கின முகம் அக்கா, இது என்ன எரிவு” என்றாள்.

வெறும் தண்ணீரால் கழுவி, பவுடர் பூசிப் பொட்டு வைத்து முடிக்கவும் அவளுடைய அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. வந்தவர் மூக்கைச் சுளித்தார். “என்ன பிள்ளை, தேசிக்காய் மணக்குது?”

நான் கத்தரிக்கோலைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டேன். அவளோ கொஞ்சமும் யோசிக்காமல், “தலை சுத்தினமாதிரி இருந்ததம்மா. மணந்து பாத்தனான்” என்றாள்.

“விடியத் தொடக்கம் ஒண்டும் வாயிலை வைக்காட்டில் சுத்தாமல் என்ன செய்யும்!” என்று அம்மா அவளைத்தான் ஏசினார். ஏசிக்கொண்டே பால் எடுத்துவர ஓடினார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அன்றைக்கு அவளை அலங்கரித்தது யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னைக் கை காட்டினாளாம். சிவந்த கதை ஒருவர் காதுக்கும் போகவில்லை. அடுத்த மாதம் பளையில் ஒரு கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவே என் பெட்டியைத் தன் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

பிறகு கிளிநொச்சியில் சின்னதாக ஓர் அறை எடுத்தேன். பெண்கள் சிலர் என்னிடம் படிக்கவும் வந்தார்கள். முகத்தைத் தொடுவதற்கு முன், காலையிலிருந்து அதில் என்னென்ன பூசினார்கள் என்று கேளுங்கள் என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

ஒரு பெண் தன்னைப் பற்றி மட்டுமே நினைக்க உரிமையுள்ள நாள் ஒன்று உண்டென்றால், அது அவளுடைய கலியாண நாள்தான். அந்த நாளில், அரை முகம் சிவந்து போய் இருந்த நேரத்தில், அவள் என்னை நினைத்தாள்.