பின்வரிசையில் படம் சொன்னவன்

போன மழைக்காலத்தில் இசக்கிராஜா இறந்தான். கலூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். நானும் அவனும் ஒன்றாக வாழ்ந்தோம். அக்கம்பக்கத்தில் அண்ணன் தம்பி என்று நினைத்தார்கள், நாங்களும் மறுக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகாய்க் குடோனின் மாடியில், மாதம் ஒருமுறை, எங்களைப் போன்றவர்களின் கதைகளைச் சொல்லும் படங்களைத் திரையிடுவார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்கள். அடியில் இங்கிலீஷில் வசனம் ஓடும். கீழே மூட்டைகள் இருந்ததால், திரையில் யாராவது முத்தம் கொடுக்கும் நேரம் பார்த்து ஒருவர் தும்முவார். இங்கிலீஷ் வராதவர்கள் பின்வரிசைப் பாயில் நெருங்கி உட்காருவார்கள். ஹோட்டலில் வேலை செய்பவர்கள், கொத்தனார்கள், மீன் விற்கும் ஜிஷா. நடுவில் இசக்கி. முன்பே படத்தை வாங்கிப் பார்த்து வைத்திருப்பான். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகத் தாழ்ந்த குரலில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வருவான். கெட்ட வார்த்தையைக்கூட விடமாட்டான். அவர்கள் பேசியதை மாற்ற நான் யார் என்று கேட்பான்.

ஒருமுறை மாற்றினான்.

அன்று, வழக்கமாகப் படம் பார்க்க வரும் ஆனந்தகுமார் தன் அம்மா காளியம்மாளை அழைத்து வந்திருந்தான். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தன்னைப் பற்றி அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. படத்தைப் பார்த்து அவராகவே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருந்தான். வாசலுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. காதலன் என்று வரும் இடத்திலெல்லாம் நண்பன் என்று சொல்லும்படி இசக்கியிடம் கெஞ்சினான். அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயம் இசக்கிக்கும் தெரிந்ததுதான். சரி என்றான்.

படத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் இரண்டு ஆண்கள். இசக்கி நண்பன், நண்பன் என்று சொல்லச் சொல்ல, பாயில் இருந்தவர்கள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜிஷா அவன் தொடையில் கிள்ளினாள். படம் பாதி போனபோது காளியம்மாள் எழுந்து படியிறங்கிவிட்டார். ஆனந்தகுமாரால் எழவே முடியவில்லை. இசக்கியும் நானும் பின்னால் போனோம்.

எதிரே சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மோனே, எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு நல்லாத் தெரியும்," என்றார். "அவங்க அடிக்கிற கூத்தப் பாத்தா நண்பன்மாரு போலயா இருக்கு?"

தன் மகன்தான் அப்படிச் சொல்லச் சொன்னானா என்று கேட்டார். ஆமாம் என்றான் இசக்கி.

"அப்போ இவனும் அப்படித்தானா?"

அதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும் என்றான் இசக்கி.

காளியம்மாள் பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். பிறகு, படத்தை முதலிலிருந்து உள்ளபடி சொல்லச் சொன்னார். கையில் சாயா ஆறிப்போக, இசக்கி எல்லாவற்றையும் சொன்னான். அவர்களின் சண்டைகள், ஒரே கட்டில், கடைசியில் அவர்களில் ஒருவன் தன் துணையோடு அம்மா வீட்டு வாசலில் மழையில் நிற்பது.

"அவ கதவத் தொறந்தாளா?"

திறந்தாள் என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"இல்லம்மா," என்றான் இசக்கி. "தொறக்கல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாடியில் கைதட்டல் கேட்டது. எல்லோரும் போன பிறகு, ஆனந்தகுமார் கடைசி ஆளாக வந்து படியிலேயே நின்றுகொண்டான்.

"எந்தா அங்கயே நிக்கிறே?" என்றார் காளியம்மாள். "காலைல இருந்து ஒண்ணும் திங்கல நீ. வா, வீட்டுல போய்ப் பேசலாம்."

பஸ் நிறுத்தம் நோக்கி இருவரும் நடந்தார்கள். அவன் தயங்கிப் பின்தங்கியபோது அவர் நின்றார். பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகே மீண்டும் நடந்தார்.