விருந்துக்குப் போகாத பத்மாவதியம்மா

பத்மாவதியம்மா காலமான செய்தியை வல்லம் பஸ் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காலை வெயிலில் நின்றிருந்தேன். "ஜவுளிக்கடை அம்மா போய்ட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி இந்த ஊரில் ஏதாவது அநியாயம் நடந்தால் யார் முன்னால் போய் நிற்பார்கள் என்ற பயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது என் வீட்டுக்குத் தெரிந்ததுதான்.

அம்மாவை அறிந்தவர்களுக்கு அந்தப் பஞ்சாயத்துக் கதையும் தெரியும். ஆனால் அதில் என் பங்கை ஊர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறது. இன்று அதைத் திருத்திவிடுகிறேன்.

நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவர் அப்போது மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கடலை மில் முதலாளி ஒருவர் ஒருநாள் காலை ஆபீஸ் பூட்டை உடைத்து, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டீஸ் இல்லை, கூட்டம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. வாசலில் தடியோடு நான்கு பேர். குமாஸ்தாவான என் முன்னால் தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். முதலாளியின் வெளியூர் மைத்துனர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு முதலாளி வீட்டில் உறுப்பினர்கள் கூடினார்களாம். இவரை ஏகமனதாகத் தலைவராக்கினார்களாம். பெண் உறுப்பினர் பத்மாவதியம்மாள் உட்பட அனைவரும் விருந்துண்டு கலைந்தார்களாம். பெண் பெயர் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார் மைத்துனர். உறுப்பினர்களின் கையெழுத்துகளை மில் ஆட்களே போட்டுக்கொண்டார்கள்.

மற்ற உறுப்பினர்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும் பஜாரில் கடைகடையாக ஏறி இறங்கினார். "நாற்காலி மேல ஆசை இருந்தா எலெக்சன்ல நிக்கட்டும். பூட்ட ஒடச்சி உக்காந்தா அதுக்குப் பேரு இன்னா?" என்று கேட்டார். மறுநாள் அவர் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அதற்கடுத்த நாள் சந்தை. ஒரு கடையும் திறக்கவில்லை. வண்டிக்காரர்கள், பூக்காரிகள், சவரக்கடைக்காரர் எல்லாரும் தாலுகா ஆபீஸ் எதிரே போய் உட்கார்ந்தார்கள். நான் போகவில்லை.

அன்று மத்தியானம் அம்மா என் வீடு தேடி வந்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அவர் ஊர்ல இல்லீங்க" என்றாள் என் மனைவி. வாசலில் என் செருப்பு கிடந்தது. அம்மா அதைப் பார்த்திருக்கிறார்.

"சரிம்மா. வந்தா சொல்லு, பயப்படறது தப்பில்ல. அந்தச் செருப்ப மட்டும் உள்ள எடுத்து வெச்சிடச் சொல்லு. மில்காரர் ஆளுங்களும் தேடிக்கினு வருவாங்க."

ஒரு வாரத்தில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்சுவர் ஓரம் மில் ஆட்கள். அதிகாரி தீர்மானத்தை உரக்க வாசித்தார். விருந்து பற்றிய வரி வந்ததும் அம்மா எழுந்தார்.

"ஐயா, நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா பச்சத்தண்ணி பல்லுல படாது. எங்க வீட்டுக் கல்யாணத்துலயே ராத்திரிச் சாப்பாடு கிடையாது. எட்டு மணிக்கு நான் விருந்து சாப்ட்டேன்னு எழுதியிருக்குதே, செஞ்சியில யாரயாவது நம்பச் சொல்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதை எழுதியது யார்? உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்றார் அதிகாரி. என் குண்டு எழுத்தை அம்மா எத்தனையோ நோட்டீஸில் பார்த்தவர்.

"தெரியும். எழுதினவரே சொல்லட்டும்" என்றார். சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நின்றார்.

பின்னால் மைத்துனர் தொண்டையைச் செருமினார். வீட்டில் மனைவி தனியாக இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. அம்மா உட்காரவே இல்லை. எழுந்தேன். "நான்தாங்க எழுதினேன். கூட்டமே நடக்கலீங்க. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்" என்று மைத்துனரைக் காட்டினேன்.

தீர்மானம் ரத்தாயிற்று. பழைய தலைவர் குணமாகித் திரும்பி வந்தார். "குமாஸ்தா கில்லாடிப்பா, வேணும்னே விருந்த எழுதி மாட்டி உட்டாரு" என்று ஊர் என்னைக் கொண்டாடியது. அது பொய். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஜைன வீட்டு வழக்கம் பயத்தில் மறந்தே போயிருந்தது. இதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "இருக்கட்டும் குமாஸ்தா, ஊரு சந்தோசமா இருக்குது" என்றார். கடைசிவரை யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

மில் முதலாளி இன்றும் இருக்கிறார். அம்மாவின் சாவுக்கு அவர் கார் வந்தபோது நான் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். என் பயம் என்னோடுதான் போகும். அம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, என் பக்கம் திரும்பாமல் அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம். என் பெயரை அவர் சொல்லியிருந்தால் நான் குற்றவாளியாக எழுந்திருப்பேன். அவர் காத்திருந்ததால் சாட்சியாக எழுந்தேன்.