பாய்லர் ரூமில் ஊறிய ஒயின்

போன செவ்வாய்க்கிழமை கப்பலூரில் ஒரு சாயப்பட்டறையில் உட்கார்ந்து, பிரான்ஸ் நாட்டு அம்மையார் ஒருவருக்கு நான் ஒயினைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

சிரிக்காதீர்கள். எனக்கே அப்போது சிரிப்பு வரவில்லை... ஒரு மனிதரின் பிழைப்பு அந்த மேஜை மேல் இருந்தது.

அந்த மனிதர் என் நண்பர் ஜனார்த்தனன். சௌராஷ்டிரக் குடும்பம், பரம்பரையாகத் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள். ஜனா மட்டும் சேலையோடு நிற்காமல் மேஜை விரிப்பு, நாப்கின் என்று எக்ஸ்போர்ட் பக்கம் தாவினார். கப்பலூரில் ஷெட் எடுத்தார், புது பாய்லர் போட்டார், ஆபீஸ் ரூமுக்கு ஏ.சி.கூட மாட்டினார். எல்லாம் வந்தது, ஆர்டர் மட்டும் வரவில்லை. லோக்கல் லுங்கிகளுக்குக் கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுத்து பாய்லரை அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கோடைக்குள் ஒரு வெளிநாட்டு ஆர்டராவது வராவிட்டால், ஷெட்டைக் காலி செய்துவிட்டு விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கும் மச்சினன் ஜவுளிக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மச்சினன் இப்போதே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டாராம். ஜனா அந்தக் கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

இந்த நிலைமையில்தான் மேடம் மோனிக்கிடமிருந்து ஈமெயில் வந்தது. பிரான்ஸில் ரெஸ்டாரன்ட்டுகளுக்கு மேஜைத் துணி சப்ளை செய்கிறவர். எங்கள் சாப்பாட்டு மேஜை, எங்கள் ஒயின், இதெல்லாம் உங்களுக்குக் கொஞ்சமாவது பழக்கம் உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டிருந்தார். ஜனா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதில் அடித்தார்... 'நான் பல வருடங்களாக ஒயின் சேகரித்து வருகிறேன்!'

பொய்யை டைப் செய்தது அவர்தான். பக்கத்து நாற்காலியிலிருந்து ஸ்பெல்லிங் சொன்னது அடியேன்.

மறுநாளே பதில். மேடத்துக்கு ஏக சந்தோஷம். மே மாதம் நேரில் வருகிறேன், சேர்ந்து சுவைத்துப் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்.

"அண்ணே, சேத்து வச்சிருக்கேன்னு சொல்லிப்புட்டேன்... இப்ப என்னண்ணே பண்ண?"

"இனிமே சேக்க வேண்டியதுதான்."

சேர்ப்பது அவ்வளவு சுலபமா? நம் ஊரில் தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப் இருக்கிறது. அங்கே கிடைக்காத ஒரே சரக்கு ஒயின். நானும் ஜனாவும் நாலு கடை ஏறி இறங்கினோம். நாலாவது கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒயினா? பிராந்தி இருக்கு, ரம் இருக்கு. ஒயின் வேணும்னா சர்ச்சுல கேட்டுப் பாருங்க சார்."

கடைசியில் சொந்தபந்தம்தான் கை கொடுத்தது. துபாயிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஏர்போர்ட்டில் ஒரு பிரெஞ்சு பாட்டில் வாங்கி வந்தார், லேபிளில் 1995. சிங்கப்பூர் சகலை தயவில் ஆஸ்திரேலியா, 1999. பெங்களூரிலிருந்து மகாராஷ்டிரா ஒயின், 2001. நாலாவது, லாரி டிரைவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கோவா சரக்கு. அதில் வருடமே இல்லை, பேட்ச் நம்பர்தான் இருந்தது.

"தொண்ணூத்தஞ்சுல செஞ்சதுன்னா எக்ஸ்பயரி ஆயிருக்குமேண்ணே?" என்றார் ஜனா, பிரெஞ்சு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

பழசாக ஆகத்தான் இதற்கு மவுசு என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. ஏனென்றால் ஒயின் விஷயத்தில் எங்கள் இருவரில் அனுபவசாலி நான்தான். ஒருமுறை விமானத்தில், பிளாஸ்டிக் டம்ளரில், இலவசமாகக் கொடுத்தார்கள். போதாததற்குப் பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் ஒயினைப் பற்றி ஒரு ஆங்கிலக் கட்டுரையும் படித்திருக்கிறேன். பாதியில் கூப்பிட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த சிக்கல், பாட்டில்களை எங்கே வைப்பது? வீட்டில் முடியாது. ஜனாவின் அம்மா வெங்காயத்தையே யோசித்துத்தான் உள்ளே விடுவார். முதல் பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுபோன அன்றே ஜனா பிடிபட்டார். அம்மாவிடம் அவர்கள் பாஷையில் வேகமாக ஏதோ சொன்னார். கூட நின்ற எனக்குப் புரிந்தது 'டானிக்' என்ற ஒரு சொல்தான். அம்மா அதோடு விடவில்லை. எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே கேட்டார். "டானிக்கா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

அன்றே பாட்டில் கப்பலூருக்குக் குடிபெயர்ந்தது. ஆபீஸ் ரூமில் வைத்தால் கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரியும். ஸ்டாக் ரூமில் வைத்தால் காலையில் காலி பாட்டில்தான் மிஞ்சும். யோசித்து யோசித்து ஜனா கண்டுபிடித்த இடம், பாய்லர் ரூம் பரண். திருட்டுப் பயம் இல்லாத ஒரே இடம். நாலு பாட்டிலும் வந்து சேரச் சேர அங்கேயே ஏறின. அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, கத்திரி வெயிலும் பிறந்துவிட்டது. பாட்டில்கள் பரணிலேயே இருந்தன.

மேடம் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை வைத்தோம். கார்க் திறப்பதே பெரும் போராட்டம் ஆகிவிட்டது, ஸ்க்ரூவும் கட்டிங் பிளேயரும் தேவைப்பட்டன. இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். எச்சில் பண்ணக்கூடாதே? இருவரும் முறை வைத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டோம். பிரான்ஸும் ஆஸ்திரேலியாவும் நாக்கில் நிற்காமல் நேரே தொண்டைக்குள் இறங்கின. இறங்கும்போதே எரித்தன.

ஜனா முகத்தைச் சுளித்தார். "நாலும் ஒண்ணுபோலயே இருக்கேண்ணே... ஊறுகா ஜாடி கழுவுன தண்ணி மாதிரி?"

"அது உன் நாக்கு, ஜனா."

எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் சொல்ல முடியுமா? நன்றாகக் கவனித்துப் பாருங்கள்... பத்து ரூபாய் தோசை வாயில் வைக்க முடியவில்லை என்றால் சர்வரைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறோம். அதே பண்டம் பெரிய ஓட்டலில், பெரிய விலையில், பெரிய தட்டின் நடுவில் துளியூண்டு வந்து, அதுவும் நன்றாக இல்லை என்றால் என்ன செய்கிறோம்? நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை என்று கமுக்கமாக இருந்துவிடுகிறோம். விலை ஏற ஏறக் குற்றம் சமையல்காரரை விட்டு நம் நாக்குக்கு இடம் மாறிவிடுகிறது. உயர்ந்த ஒயின் புளிக்கத்தான் செய்யும் போலிருக்கிறது என்று நாங்கள் முடிவுக்கு வந்து, கார்க்கைத் திரும்ப அழுத்தி வைத்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார். அறுபது வயது இருக்கும், பருத்திச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மேஜையில் ஜனாவின் துணி விரித்து, சமையல் காண்ட்ராக்டரிடம் வாடகைக்கு எடுத்த ஐஸ்கிரீம் கிண்ணங்களை அடுக்கியிருந்தோம். கண்ணாடிக் கிண்ணம், அடியில் கால் வேறு இருந்தது. எங்களுக்கு அது போதும். சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டும் என்று கட்டுரையில் படித்திருந்தேனே, அதற்காக ஜனா வீட்டிலிருந்து அவர் அப்பா வெற்றிலைக்கு வைத்திருந்த பித்தளைப் படிக்கமும் வந்திருந்தது.

மேடம் முதலில் படிக்கத்தைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப அழகாக இருக்கிறது என்றார். நல்ல ஆரம்பம் என்று நான் நினைத்தேன்.

பிரான்ஸ் 1995. கிண்ணத்தைச் சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் வைத்தார்... துப்பினார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். இதில் முதிர்ச்சி தெரிகிறது, ஆஸ்திரேலியாவில் ஒரு வாலிப முறுக்கு இருக்கிறது, மகாராஷ்டிராவில் மண் வாசனை தூக்கல் — கூச்சமே இல்லாமல் கொட்டினேன். ஜனாவும் தன் பங்குக்குக் கை கொடுத்தார். "பிரான்ஸ் வெரி ஃபைன் மேடம், ஹண்ட்ரட் கவுண்ட் நூல் மாதிரி. கோவா ஃபார்ட்டி கவுண்ட். லிட்டில் ரஃப்."

மேடம் நாலையும் சுவைத்தார். நாலையும் துப்பினார். பிறகு தண்ணீர் கேட்டு வாங்கி வாயைக் கொப்பளித்தார்.

"இதையெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள்?"

ஜனா நெஞ்சை நிமிர்த்தினார். "பாய்லர் ரூம் மேடம். வெரி சேஃப். வாட்ச்மேன் ஆல்சோ நோ கோயிங். தட் மச் ஹீட்!"

மேடத்தின் உதடு துடித்தது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நாலு பாட்டிலையும் வரிசையாக ஒருமுறை பார்த்துவிட்டு, "பிரான்ஸ், ஆஸ்திரேலியா, மகாராஷ்டிரா, கோவா... இப்போது நாலுக்கும் ஒரே ஊர். கப்பலூர்" என்றார். வெந்து, புளித்து, வினிகராகி மாதக்கணக்கு ஆகியிருக்கும் என்றும் சொன்னார்.

கால் மணி நேரமாக நாலு வினிகருக்கு நான் ஆளுக்கொரு குணம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது நான் பார்த்தது ஜனாவின் முகத்தை. அந்த முகத்தில் மச்சினன் கடை ஸ்டூல் தெளிவாகத் தெரிந்தது.

மேடம் மேஜையிலிருந்து ஒரு நாப்கினை எடுத்தார். வெள்ளைத் துணி, சுற்றிலும் அரக்குச் சிவப்புக் கரையில் சுங்குடிப் புள்ளி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நேரடியாகக் கேட்டார்: "துவைத்தால் சாயம் போகுமா?"

இந்தக் கேள்விக்குச் சாயத் தொழிலில் உலகம் முழுக்க ஒரே பதில்தான். போகாது, கியாரண்டி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒயின் சேகரிப்பவன் என்று ஈமெயில் அடித்த ஆளுக்கு இது ஒரு பொய்யா? சொல்லிவிடு என்று மேஜைக்கு அடியில் ஜனாவின் காலை மிதித்தேன்.

ஜனா துணியை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். மறுபடி தேய்த்தார். காலை நகர்த்திக்கொண்டார்.

"ஃபர்ஸ்ட் வாஷ், கோயிங் மேடம். செகண்ட் வாஷ், லிட்டில் கோயிங். தேர்ட் வாஷ்... நோ கோயிங்."

"என்னப்பா இது?" என்று தமிழில் பல்லைக் கடித்தேன்.

"போகும்ண்ணே. போறதப் போகாதுன்னு எப்படிச் சொல்ல? இது துணிண்ணே."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, "காட்டுங்கள்" என்றார்.

விசேஷத்துக்கென்று தைத்த புது பேன்ட்டை மடித்துவிட்டு, ஜனா வாசல் குழாயடியில் மூன்று வாளியோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். முதல் தண்ணி, நல்ல சிவப்பு. இரண்டாவது, வெளிர் ரோஸ். மூன்றாவதில் சோப்பு நுரையைத் தவிர வேறு நிறமே இல்லை. சிவப்பு பக்கத்து வெள்ளையில் ஒட்டவும் இல்லை. மேடம் மூன்று ஐஸ்கிரீம் கிண்ணங்களைக் கழுவி, மூன்று தண்ணீரையும் தனித்தனியாக மொண்டு, மதில் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக வெயிலில் உயர்த்திப் பார்த்தார். எங்கள் ஒயின் எதையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"பல ஊர்களில் கேட்டுவிட்டேன். போகாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என் ஊருக்கு வந்த பிறகு சாயம் போயிற்று" என்றார். "நீங்கள் மூன்று முறை அலசிய பிறகு அனுப்புங்கள். எத்தனை துணி முடியுமோ அத்தனையும் எனக்கு வேண்டும்."

ஜனாவுக்கு உடனே புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது, கையில் சோப்பு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. எனக்கோ, அந்தக் காலை மிதித்த பாவி நான்தானே என்று இருந்தது.

காரில் ஏறப்போன மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேன்."

"எதைப் பற்றி?"

"எல்லாவற்றைப் பற்றியும்!" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"ஆமாம்" என்றார் மேடம், கதவைச் சாத்திக்கொண்டே. "நாலு கிண்ணத்திலும் தெரிந்தது."