தபசு கால முட்டைகள்

கோழிக்குத் தபசு காலம் தெரியாது. விபூதிப் புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசிவிட்டால், ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டையும் கிடையாது. மற்ற வேதக்கார வீடுகளில் முட்டைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. எங்கள் அப்பா அந்த விஷயத்தில் சாமியாரைவிடக் கண்டிப்பானவர். கோழிகளோ வழக்கம்போல வைக்கோல் போரிலும் ஆமணக்குச் செடி ஓரத்திலும் முட்டையிட்டு, ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்துக்கொண்டிருந்தன. களியும் கீரையுமாக நாக்குச் செத்துக் கிடந்த எனக்கு அந்தக் கொக்கரிப்பைக் கேட்டால் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அறுபதுகளின் கடைசி அது. இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது இருக்கலாம். கோழிகள் அத்தையுடையவை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தருமபுரி டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியாரோடு ஏதோ வாய்ப்பேச்சு முற்றித் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்தவளாகவே இருந்துவிட்டாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணுக்கு அங்கே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. அத்தைக்கு அந்தக் கோழிகள் இருந்தன. அம்மா எதையாவது முணுமுணுத்தால் போதும், அத்தை கோழிகளை வைவதற்கென்று புறக்கடைக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம் தபசு காலம் தொடங்கும்போதே நல்ல சேதி வந்தது. மாமியார் காலமாகிவிட்டாள், சாமியார் டவுனுக்குப் போய் மாமாவிடம் பேசியதில் அவரும் இறங்கி வந்திருந்தார். ஈஸ்டர் விருந்துக்கு வருவதாகவும், மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தையைக் கூட்டிப்போவதாகவும் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து அத்தை ஒரு முட்டையைக்கூடச் சந்தைக்கு அனுப்பவில்லை. மாமாவுக்கு உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு என்றால் உயிராம். அவளுக்கு அவரைப் பற்றித் தெரிந்த நல்ல விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். மாமா சுத்தக்காரர். கல்யாணமான புதிதில் முட்டை ஓட்டில் கோழி எச்சம் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போனவர். அதனால் அத்தை ஒவ்வொரு முட்டையையும் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைத்தாள். சங்கு மாதிரி இருந்தன. முட்டையைக் கழுவி வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று எனக்கு என் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கழுவாமலே இருந்தாலும், பங்குனி வெயிலில் அத்தனை நாள் எந்த முட்டைதான் தாங்கும்? அந்த வீட்டில் தபசு காலத்தில் முட்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஈஸ்டர் அன்று மாமா வெள்ளைச் சட்டையில் வந்திறங்கினார். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக டம்ளரில் உடைத்து முகர்ந்து பார்த்தாள். நாறியதையெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாம்பல் குழியில் கொட்டினாள். மூக்குக்குத் தப்பியவற்றைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினாள். கரு கெட்டியாகாமல் தளதளவென்று இருந்தால்தான் மாமாவுக்குப் பிடிக்கும் என்று, ஊற்றிய சூட்டிலேயே சட்டியை இறக்கிவிட்டாள்.

மாமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "ஊருக்குப் போயும் இதே மாதிரி வெக்கணும், தெரிஞ்சுதா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் அத்தை தகரப் பெட்டியை வெளியே எடுத்துத் தூசி தட்டித் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் தபசு காலத்துப் பசியெல்லாம் தீரும்படி அதே குழம்பைத்தான் வெளுத்துக்கட்டினோம்.

பொழுது சாய்வதற்குள் மாமாவுக்கு வயிற்றைப் பிடுங்கியது. சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவர் திரும்பி வந்த சூட்டோடு மறுபடியும் போனார். வாந்தியும் சேர்ந்துகொண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்கே போய்விடுகிறேன் என்று ஒரே பிடிவாதம். அப்பா வண்டி கட்டினார். அத்தை பெட்டியோடு வாசலில் நின்றாள். "நீ அப்புறமா வா" என்றார் மாமா. வண்டி போய்விட்டது.

அந்த வண்டி திரும்பி வருவதற்குள் எங்கள் வீடே படுத்துவிட்டது. அம்மா, நான், அத்தை, வந்து சேர்ந்ததும் அப்பா. ஆமணக்குக் கொல்லையில் எங்களுக்குள் இடம் போதவில்லை. அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். அப்பா சுவரில் சாய்ந்தபடி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு அழுவுன முட்டையப் போட்டு அனுப்புனாங்கன்னு நாளைக்கு நாலு பேரு சிரிப்பாங்க. நம்ம வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்குந்தான் சொல்றேன், ஓட்ட வாயி" என்றார்.

எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. பெரியவர்களோடு சேர்த்து என்னையும் நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரக் கடைசியில் மாமாவின் அண்ணன் வந்தார். மாமா பிழைத்துக்கொண்டார், ஆனால் துவண்டு கிடக்கிறார் என்றார். நாங்கள் கொடுத்த மோரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மழை, வெள்ளாமை என்று பேசிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு அதே கொழம்பத்தானுங்களே எல்லாரும் சாப்பிட்டீங்க? உங்க வூட்ல யாருக்காச்சும் வயித்துக்கு எதனா ஆச்சுங்களா?"

"ஒண்ணும் ஆவலீங்களே" என்றார் அப்பா. "குத்துக்கல்லு மாதிரி இருக்கறோம். எங்க வூட்டு முட்டையில கோளாறே கெடையாதுங்க."

அவர் தலையை ஆட்டினார். "நாங்களும் அதத்தான் நெனச்சோம். முட்டையில கோளாறு இருந்தா எல்லாருக்கும்தான வந்திருக்கணும்? எந் தம்பிக்கு மட்டும் வந்திருக்குதுன்னா, அவன் தட்டுல மட்டும் என்னமோ உழுந்திருக்குது. மருந்து எடுக்கறவகிட்ட கூட்டிட்டுப் போனோமுங்க. வயித்துலேருந்து கருப்பா, உருண்டையா எடுத்துக் காட்டிட்டா."

புருஷனை மயக்கித் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதையெல்லாம் நம்பக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். சனங்கள் ஆமென் சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போவார்கள்.

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. இப்போது நினைத்தால் அந்த ஒரு நிமிஷம்தான் என்னை வதைக்கிறது. 'எங்களுக்கும்தான் பேதியானது' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் குத்துக்கல் என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து "அண்ணா" என்று மட்டும் அத்தையின் குரல் கேட்டது. அண்ணன் பேச்சை வெளியாள் முன்னால் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பிறகு அப்பா மனம் பொறுக்காமல் டவுனுக்கே போய் உண்மையைச் சொன்னார். "தங்கச்சிக்காக இப்ப மாத்திப் பேசறீங்க" என்று சிரித்தார்களாம். மாமா கடைசிவரை வரவில்லை. எங்கள் வேதத்தில், கோயிலில் கட்டிய தாலியை யாரும் அறுக்கவும் முடியாது. அத்தை அந்தத் தாலியோடு எங்கள் வீட்டிலேயே கிழவியானாள். கோழிகளை வளர்த்தாள்; முட்டையை மட்டும் அதற்குப் பிறகு அவள் வாயில் வைத்து நான் பார்க்கவில்லை. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசியும் பார்க்கவில்லை.

மாமாவின் அண்ணன் வந்துபோன அன்று சாயங்காலம் அத்தை புறக்கடையில் கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கண்ணு, உனக்கும் அன்னிக்கு வயிறு வலிச்சுதில்ல? சொல்லு சாமி. உனக்கும் வலிச்சுதுதான?"

நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து நின்று, "இல்லியே அத்தை. எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. "கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவினாள்.

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல ஓடினேன்.