அக்கா மகளுக்கு விடிந்த நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், அமெரிக்காவில் நர்ஸாக இருந்த என் அக்கா ஏழு வருஷத்துக்குப் பிறகு கொடைக்கானலுக்கு வந்தாள். கூட ஆறு வயது மகள். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்கும் மொத்தமே இரண்டு வாரம்தான்.

அப்பா அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து பேக்கரியில் வேலை பார்த்தார். ஏரிக்கு மேலே சரிவில் ஊழியர்களுக்கென்று கட்டியிருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. இரண்டு அறை, பின்பக்கம் அடுப்படி. நான் வேறொரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். லீவு சமயம் என்பதால் வீட்டில்தான் இருந்தேன்.

வந்த அன்று பிள்ளை ஒரு வாய் சாப்பிடவில்லை. கோடை ரோடு ஸ்டேஷனிலிருந்து மலை ஏறிய பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி. சாயங்காலம் நாலு மணிக்குச் சுருண்டு படுத்தவள், நடு ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பொம்மையோடு பேச ஆரம்பித்தாள். அம்மா பயந்துபோனாள்.

"புள்ளைக்கு என்னமோ பட்டுருச்சு. காலையில பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லுவோம்."

"ஒண்ணும் படலைம்மா. இதுக்குப் பேரு ஜெட் லாக். அங்க பகல், இங்க ராத்திரி. உடம்பு இன்னும் அங்கேயே இருக்கு," என்றாள் அக்கா.

அந்த வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அக்கா ஒரு தாளில் மணி எழுதிச் சுவரில் ஒட்டினாள். இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணிக்கு வெயிலில் நடக்கவேண்டும், சாயங்காலம் ஏழு வரைக்கும் யாரும் அவளைத் தூங்கவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் நோயாளி கட்டிலில் தொங்குகிற தாளைப் போல அது இருந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சீசனுக்காக ஏரிப் பக்கத்து மைதானத்தில் ராட்டினம் போட்டிருந்தார்கள். பெரிய ராட்டினம், குதிரை ராட்டினம், மரணக் கிணறு, பஞ்சு மிட்டாய்க் கடை. பிள்ளையை விழித்திருக்க வைக்க அதுதான் வழி என்று அக்கா முடிவு செய்தாள். இரண்டாம் நாள் நாலு மணிக்கு எல்லோருமாகக் கிளம்பினோம். வீட்டிலிருந்து ஒரே சாலை, வளைந்து வளைந்து ஏரிக்கு இறங்கும். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே பிள்ளைக்குக் கண் சொருகிவிட்டது. பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். அவள் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் ஊற்றி முகத்தில் தெளித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பச்சப் புள்ளைய ஏன் இப்பிடி வதைக்கிற? இங்க வந்து ராட்டினம் சுத்தலைன்னு யாரு அழுதா?" என்றாள் அம்மா.

"இன்னிக்குத் தூங்கவிட்டா இன்னும் நாலு ராத்திரி முழிச்சிருப்பா. யாரு பாக்குறது, நீங்களா?"

அப்பா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பாதித் தூக்கத்தில் அவள், "ரைட்? ரைட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ராட்டினத்தில் ஏறவேண்டும் என்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது. "காலையில போவோம் கண்ணு. மார்னிங் ஆனதும் போவோம்," என்று சொன்னவள் நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் முகம் வெளுத்திருந்தது. முந்தின ராத்திரி அவள் தூங்கியிருக்கவில்லை. அதற்கு முன்னால் விமானத்திலும் ரயிலிலும் தூங்கியிருக்க மாட்டாள். அவளும் அதே ஜெட் லாக்கில்தான் இருக்கிறாள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. "இன்னிக்கு நான் பாத்துக்கிறேன், நீ தூங்குக்கா," என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள் அறைக்குப் போய் அம்மா பக்கத்தில் படுத்தவள் அசையவே இல்லை.

பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்தாள். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அடுப்படிக்கு அழைத்துப் போய் விறகடுப்பைப் பற்றவைத்தேன். பாலில் ரொட்டியைத் தோய்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். வந்ததிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிட்டது அதுதான். கரித்துண்டால் தரையில் வீடு வரைந்தாள். நடு நடுவே, "சித்தி, இப்ப மார்னிங்கா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல," என்றேன்.

அப்பாவுக்கு வேலை மூணே முக்காலுக்கு. மாவு பிசைந்து முதல் ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கவேண்டும் என்றால் அந்த நேரத்துக்குப் போயாக வேண்டும். அவர் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக் கதவு வழியாக வெளியே இறங்கினார்.

"தாத்தா எங்க போறீங்க?"

"வேலைக்குத் தாயி. காலையில எல்லாருக்கும் ரொட்டி வேணும்ல?" என்றவர் என்னிடம், "தாழ்ப்பாளப் போட்டுக்கம்மா," என்றார்.

தினமும் சொல்கிற வார்த்தை. சரிப்பா என்றேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பிள்ளை என் மடியில் தலை வைத்திருந்தாள். அசைந்தால் வருகிற தூக்கம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். அடுப்புச் சூடு முதுகில் இதமாகப் பட்டுக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது மடியில் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே பனி வந்துகொண்டிருந்தது. அவள் சிவப்பு ஷூவைக் காணவில்லை. ஓடிப் போய் முன்னறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே கால்.

நான் அக்காவை எழுப்பவில்லை. அவளும் அம்மாவும் படுத்திருந்த அறையின் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் எழுவதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். தாத்தா பின்னாலேயே போயிருப்பாள், பேக்கரியில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை.

பேக்கரியில் அவள் இல்லை. அப்பா முழங்கை வரைக்கும் மாவோடு நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் கையைக்கூடத் துடைக்காமல் டார்ச்சை எடுத்தார்.

"அக்காகிட்டச் சொன்னியா?"

"இல்லப்பா."

"போய் எழுப்பு. வெரசாப் போ. நான் மேல ரோட்டுப் பக்கம் பாக்குறேன்."

எழுப்பினேன். "அக்கா, பாப்பாவைக் காணோம்," என்றேன். அக்கா கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்தாள், காலணியைத் தேடி மாட்டினாள், ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்தாள், வீட்டு டார்ச்சை எடுத்தாள். இதற்கெல்லாம் பத்து வினாடிதான் ஆகியிருக்கும். பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து பல தடவை யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. நான் தூங்கிவிட்டேன் என்பதை வாய் சொல்ல மறுத்தது, அவ்வளவுதான்.

"அஞ்சு நிமிஷம்னா தூரம் போயிருக்க மாட்டா. வீட்டைச் சுத்தித்தான் இருப்பா," என்றாள் அக்கா. அம்மாவும் எழுந்துவிட்டாள். மூன்று பேரும் வீட்டைச் சுற்றித் தேடினோம். விறகுக் கொட்டகை, கக்கூஸ், பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால், கேரட் பாத்திக்குள். பனி முகத்துக்கு முன்னால் ஒரு கை தூரத்துக்கு மேல் எதையும் காட்டவில்லை. அக்கா மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. போகப் போக அந்தக் குரல் மாறிக்கொண்டே வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. அம்மா இருமலுக்கு நடுவே பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் தெரியும், அவள் இங்கே இல்லை என்று. அக்கா மூன்றாவது தடவையாக விறகுக் கொட்டகைக்குள் குனிந்தபோது அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் இல்ல. நான் தூங்கிட்டேன். அப்பா போனப்பவே கதவு திறந்து கெடந்துச்சு. ஒரு மணி நேரமாவே இருக்கலாம்."

அக்கா நிமிர்ந்தாள். டார்ச் வெளிச்சம் கீழே தரையில் கிடந்தது, அதனால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கையை உதறிவிட்டு ஏரிக்கு இறங்குகிற சாலையில் ஓடினாள்.

நானும் பின்னால் ஓடினேன். ஏரிக்கரைக்கு வந்ததும் அவள் ஓடுவதை நிறுத்திவிட்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். டார்ச்சைத் தண்ணீரின் மேல் அடித்துக்கொண்டு கரையோரமாகவே நடந்தாள். படகுத் துறையில் கட்டிப்போட்ட படகுகளுக்கு நடுவே வெளிச்சத்தை விட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் தண்ணீரில் சிவப்பாக ஏதோ மிதந்தது. அக்கா கேவிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட் காகிதம். அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு, "இப்ப மார்னிங்கா?" என்று பிள்ளை கேட்டது உறைத்தது. தாத்தாவும் காலை என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பிள்ளைக்கு விடிந்துவிட்டது.

"அக்கா, மைதானம்," என்றேன்.

கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. மைதானத்தில் ராட்டினம் தார்ப்பாய் மூடிப் பெரிய உருவமாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கூடாரத்தின் முன்னால் மூன்று கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். பக்கத்தில், ஒரு முரட்டுக் கம்பளிக்குள்ளிருந்து சிவப்பு ஷூ இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அக்கா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கவில்லை. முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள், நர்ஸ் பார்ப்பது போலவே. பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

"நீங்கதான் அம்மாவா?" என்றாள் அந்தப் பெண். ராட்டினக்காரரின் மனைவி அவள், ஊர் கன்னிவாடிப் பக்கம். "வெள்ளனே எந்திரிச்சு அடுப்புப் பத்தவைக்க வந்தா, இருட்டுக்குள்ள ராட்டினத்துக் கிட்ட நிக்குது. பேயோன்னு நெனச்சுப்புட்டேன். பேசுறது பாதி எனக்கு வெளங்கல. காலையில வரச் சொன்னாங்க, எப்பச் சுத்துவீங்கன்னு கேக்குது. விடிஞ்சதும் போலீஸ் டேசனுக்குக் கூட்டிட்டுப் போவோம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

அக்கா நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் ஒரு டம்ளர் டீயை அவள் கையில் வைத்தாள்.

"அம்மா, வரிசையே இல்ல," என்றாள் பிள்ளை.

அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். வழியில் அப்பா எதிரே வந்தார், கையில் மாவு காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அவர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் பேக்கரிக்குத் திரும்பினார். பேக்கரியில் அன்று முதல் ரொட்டி தாமதம். அதற்காக மேனேஜரிடம் அவர் பேச்சு வாங்கியது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

வீட்டில் அம்மா முதலில் செய்த காரியம், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்ததுதான். "இனி இந்த வீட்டுல அது எந்திரிக்கிறப்ப எல்லாரும் எந்திரிப்போம். அது தூங்குறப்பத் தூங்குவோம். தனியா யாரும் முழிச்சிருக்க வேண்டாம்," என்றாள். அக்கா மறுக்கவில்லை. அடுத்த நாலு நாள் எங்கள் வீட்டில் இரண்டு மணிக்கு அடுப்பு எரிந்தது. மூன்று மணிக்கு இட்லி. பிள்ளையைச் சுற்றிப் பெரியவர்கள் நாலு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பா வேலைக்குப் போகும்போது அக்காவே எழுந்து போய்த் தாழ்ப்பாள் போடுவாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பிள்ளை ஒரு மணி நேரம் பிந்தி எழுந்தாள். அவள் கிடைத்த அன்று காலை பத்து மணிக்கே ராட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அக்காவும் அவளும் ஏறினார்கள். நான் கீழே நின்றேன்.

அந்த நாலு நாளும் அக்கா என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் கேட்டாள்.

ஐந்தாம் நாள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கெட்டின் மறுபக்கம் உட்கார்ந்து ஒரு போர்வையின் நுனியை எடுத்தாள். இரண்டு பேருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

"நீ தூங்கினது பத்தி எனக்குக் கோபம் இல்ல. நைட் டூட்டியில நானே தூங்கியிருக்கேன்," என்றாள்.

நான் போர்வையை இன்னொரு முறுக்கு முறுக்கினேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஆளத் தூக்கிட்டு வந்தா முதல்ல என்ன கேப்போம் தெரியுமா? விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேப்போம். கொண்டாந்தவங்க பயந்துக்கிட்டுக் குறைச்சுச் சொல்லுவாங்க. அத நம்பி வைத்தியம் பாத்து, எங்க கையிலயே ஆளு போயிருக்கு."

"தெரியாமச் சொல்லிட்டேன்க்கா."

"தெரியும். தெரியாமத்தான் சொல்லுவாங்க."

போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது என் தட்டில் அவளே மீன் எடுத்து வைத்தாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று அதிகாலை பஸ். பிள்ளை அதற்குள் எங்கள் நேரத்துக்கு மாறியிருந்தாள். எழுப்ப எழுப்ப எழாமல் அடம் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டில் பெட்டிகளைக் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா சுற்றிப் பார்த்தாள். அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் நின்றிருந்தோம். அவள் பிள்ளையை என் பக்கம் தள்ளி, "இவளைப் பிடிச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கவனிக்கப் போனாள்.

நான் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"வலிக்குது சித்தி," என்றாள் பிள்ளை.