மாஸ்க்கைக் கழற்ற மறுத்த பரோட்டிட் கேஸ்

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒருவர் மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். மாஸ்க்கின் மூக்குப் பகுதியில் கம்பி இருக்கிறது, காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று டெக்னீஷியன் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனார். கடைசியில் ரேடியாலஜி டாக்டரான நானே எழுந்து போகவேண்டியதாயிற்று. கொச்சி மட்டாஞ்சேரி ஸ்கேன் சென்டரில் இதற்கெல்லாம் தனிச் சம்பளம் கிடையாது.

ஆள் முருகேசன். ஊர் தேனிப் பக்கம், பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். காதுக்குக் கீழே பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. சாதாரணக் கட்டி, ஊசி மருந்து ஏற்றாத பிளெயின் ஸ்கேன் போதும் என்று சர்ஜன் எழுதியிருந்தார். அந்த வாரமே கட்டியை மட்டும் எடுத்துவிடுவதாகப் பேச்சு.

ஒருவழியாகக் கழற்றினார். கட்டி இருந்த பக்கம் வாய் கோணியிருந்தது. கண்ணும் சரியாக மூடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. கட்டியோடு முகமும் கோணினால், அது சாதாரணக் கட்டியாக இருப்பது அபூர்வம். சர்ஜனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

மனைவி செல்விதான் பதில் சொன்னார். "அது வாதம், டாக்டர். அதுக்கு வேற எடத்துல கரண்ட் வெக்கிறோம். ஒரு டாக்டர்கிட்ட இன்னொருத்தர் வைத்தியத்தச் சொன்னா கோச்சுக்குவாங்கல்ல?"

சர்ஜனும் மாஸ்க்கை இறக்கச் சொல்லாமல் காதடியை மட்டும் தடவிப் பார்த்திருக்கிறார். கரண்ட் வைத்தவர் கட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. யாரைத் திட்டுவது? எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

சர்ஜனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கிட்னி டெஸ்ட் பார்த்து, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, மண்டையோட்டின் அடிவரை படம் எடுத்தோம். "மேடம், வெளியில ஆளுகள் பகளம் வெக்குன்னு" என்று டெக்னீஷியன் முனகினார். காத்திருப்பவர்கள் கத்தினால் கத்தட்டும் என்றேன்.

நரம்பு தடித்து, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் நுழையும் இடம்வரை பளிச்சென்று தெரிந்தது. புற்றுநோய் ஸ்டேஜிங் கணக்கில் அது டி-ஃபோர்-ஏ, முற்றிய நிலை. கட்டியை மட்டும் எடுத்திருந்தால், நரம்போடு போன புற்று அங்கேயே தங்கி வளர்ந்திருக்கும்.

ஆபரேஷன் பெரிதானது. நரம்பையும் எடுக்கவேண்டும், வாய் பழையபடி ஆகாது, பிறகு ரேடியேஷன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். செல்வி நேராக என் அறைக்கு வந்தார்.

"மூஞ்சி கோணியே இருக்கட்டும், டாக்டர். ஆளு இருப்பாருல்ல?"

அதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

முருகேசன் இருக்கிறார். அடுப்புச் சூட்டில் மூடாத கண் எரிகிறதென்று இப்போது மாவு மட்டும் பிசைகிறார். இத்துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். பரோட்டிட் கேஸ் வந்தால், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், கன்னத்தை ஊதச் சொல்லுங்கள். படத்தை அப்புறம் பார்க்கலாம்.