தறிக்கூடத்தின் விலை

எண்பதுகளின் திண்டுக்கல்லை வைத்து நான் செய்துவரும் கணினி விளையாட்டை, என் பெயர் சொல்லாமல் ஓர் இணையக் குழுவில் போட்டிருந்தேன். கட்டடங்கள் கட்டி, அவற்றின் வருமானத்தில் ஊரை வளர்க்க வேண்டும்.

இன்று நிலக்கோட்டைக்காரர் ஒருவர் எழுதினார்: "தறிக்கூடமா கட்டுனாலே ஜெயிச்சிரலாம் போல. எங்க பூ மார்க்கெட்டுக்கு மட்டும் ஏங்க இம்புட்டு விலை?"

"எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வச்சேன்."

"யாரு கணக்கு? நீங்க சின்னாளபட்டிதானே?"

கீழே ஒரே சிரிப்பு.

நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டிதான் என் ஊர் என்றோ, வீட்டில் நெசவு என்றோ அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. நான் வைத்த விலையே சொல்லிவிட்டது. நடுநிலையானவள் என்று என்னைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்! வெட்கமாக இருக்கிறது.

தறிக்கூடத்தின் விலையை உடனே ஏற்றிவிட்டேன். பூ மார்க்கெட்டின் விலையைக் குறைக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை. நிலக்கோட்டைக்காரர்கள் இந்தப் பதிவின் கீழே வந்து திட்டினால் செய்துவிடுவேன்.